தம்பி மறந்திருப்பான்

அம்மா குவைத்துக்குப் போகவிருந்த மாதத்தில்தான் எங்கள் இங்கிலீஷ் மிஸ் எங்களுக்கு ‘வில் ஹேவ்’ சொல்லிக்கொடுத்தார். நான் அப்போது ஏழாம் ஆண்டில் படித்தேன். அது பெரிய வகுப்புப் பாடம்தான். ஆனால் மிஸ்ஸுக்கு எதிலும் அவசரம். நோர்வூட்டிலிருந்து பஸ் ஏறி வருபவர், மாற்றலாகிப் போவதற்குள் தமக்குத் தெரிந்ததையெல்லாம் எங்கள் தலைக்குள் இறக்கிவிட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

கரும்பலகையில் ஒரு நீளக் கோடு இழுத்தார். இந்த முனை இன்றைக்கு. அந்த முனையில் ஒரு கம்பம், அது வரப்போகும் ஒரு நேரம். கம்பத்துக்குப் போய்ச் சேரும் முன்பே ஒரு வேலை முடிந்திருக்கும் என்றால் வில் ஹேவ் போட்டு, அதன் பின்னால் வினைச்சொல்லின் மூன்றாவது உருவத்தைப் போட வேண்டும். ஈட், ஏட், ஈட்டன் என்று பாடமாக்கியிருந்தோமே, அதில் கடைசி. ரயில் நானுஓயாவுக்குப் போய்ச் சேரும்போது நாங்கள் வடையெல்லாம் தின்று முடித்திருப்போம் என்று உதாரணம் சொன்னார். வகுப்பே சிரித்தது. “நீங்க வீட்ல தினம் பேசுறதுதான். முடிச்சிருப்போம், போயிருப்பாங்கன்னு சொல்றீங்கல்ல?” என்றார். ஆளுக்கொரு வசனம் நாளைக்கு வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், அது உங்கள் வீட்டில் உண்மையாகவே நடக்கப்போவதாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் வீட்டில் நடக்கப்போவது ஒன்றே ஒன்றுதான். அப்பா தேயிலை மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகிய பிறகு அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. அம்மா வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. என்னைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கவலையெல்லாம் தம்பியைப் பற்றித்தான். இரண்டு வயது தாண்டியும் பால்குடி மறக்காதவன். அம்மா அவனை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனால், பகலில் அவள் பால் கொடுக்க வரும்வரை கத்தி ஊரைக் கூட்டுவான். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அங்கே பிள்ளை பார்க்கும் ஆயாவே கையெடுத்துக் கும்பிடுவார்.

ஆகவே அம்மா அவனைப் பழக்கத் தொடங்கினாள். முதலில் மார்பில் கற்றாழைச் சாற்றைத் தடவிப் பால் மறக்கடித்தாள். பிறகு பகலில் பிள்ளைக்காம்பராவுக்குப் போவதையே விட்டாள். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்த சித்திதான் போனாள், அதுவும் அம்மாவின் பழைய சேலையை உடுத்திக்கொண்டு. வாசம் பழகட்டும் என்று அம்மாவே எடுத்துக் கொடுத்த சேலை. தம்பியின் படுக்கையும் சித்தியிடம் போனது. வேலை முடிந்து வரும் அம்மா லயத்தின் முன்பக்கமாக வராமல், அவன் கண்ணில் படாதபடி பின்பக்கமாகச் சுற்றி வந்தாள். அப்படியும் சில நாள் கண்டுவிடுவான். “ம்மா” என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வான். அம்மா அவன் கையைப் பிரித்துவிட்டு, “அங்க போ. ஒங்கம்மா அங்க இருக்கா” என்று சித்தியைக் காட்டுவாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்படியும் ஒரு கல்நெஞ்சக்காரி உண்டா? பச்சைப்பிள்ளை என்ன பாவம் செய்தது? நான் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டேன். அன்றைக்கு வசனம் தேவைப்பட்டதால்தான் பேசினேன்.

“என்னாடி, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வந்து நிக்கிற?” என்றாள் அம்மா. அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது.

“ஒரு வசனம் வேணும். இனிமே ஒரு நாள் வரப்போகுது, அதுக்கு முன்னுக்கே ஒண்ணு முடிஞ்சிருக்கும்னு சொல்லணும்.”

அம்மா ரொட்டியைப் புரட்டிப் போட்டாள்.

“எழுதிக்க. நான் வேன்ல ஏறுற நேரம், தம்பி என்னைய மறந்திருப்பான்.”

கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, நான் உடனே இங்கிலீஷில் இறங்கிவிட்டேன். ஃபர்கெட், ஃபர்காட், ஃபர்காட்டன். எப்பேர்ப்பட்ட சொல்! வகுப்பில் எவளுக்கும் இது வராது. மை பிரதர் வில் ஹேவ் ஃபர்காட்டன் ஹர் என்று சத்தமாகச் சொல்லிக் காட்டினேன். அம்மா இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். ரொட்டி கருகுகிற வாசம் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் வகுப்பில் மற்றவர்கள் ஆட்டுக்குட்டி வளர்ந்திருக்கும், அண்ணன் சோதனை எழுதியிருப்பான் என்றெல்லாம் சொன்னார்கள். மிஸ் ஒவ்வொருவருக்கும் ‘வெரி குட்’ சொன்னார். என் முறை வந்தபோது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அம்மா வேனில் ஏறுவதையும் சேர்த்து முழு வசனத்தையும் சொல்லி முடித்தேன். “அம்மா எப்ப போறாங்க?” என்று மட்டும் மிஸ் கேட்டார். சொன்னேன். “சரி, உக்காருங்க” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பிழையும் இல்லாத வசனத்துக்கு ஒரு ‘வெரி குட்’ கிடையாதா?

அம்மாவை ஏற்றிப்போக வெளிநாட்டு வேலை ஏஜென்சியின் வேன் வந்த காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. லயமே வாசலில் நின்றது. சித்தி தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள். எல்லாருக்கும் ஒரே பயம், இவன் கத்தி ஆர்ப்பாட்டம் பண்ணப்போகிறான் என்று. அம்மா அவன் பக்கம் பார்க்காமலே போய் வேனில் ஒரு காலை வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, இறங்கி வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

“வாடா தங்கம். அம்மாகிட்ட வா.”

தம்பி அவளைப் பார்த்தான். பிறகு சித்தியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அழவில்லை. டாட்டா காட்டு என்று யாரோ சொன்னதும் திரும்பாமலே கையை மட்டும் ஆட்டினான்.

“அப்பாடா, புள்ள அழல. இனி நீ நிம்மதியா போயிட்டு வா” என்றார்கள் பெண்கள். அப்பா கோயில் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா ஏறி உட்கார்ந்ததும் வேன் ஜன்னலுக்கு ஓடினேன்.

“அம்மா, நீங்க சொன்ன மாதிரியே தம்பி மறந்துட்டாம்மா!”

“ஆமா சாமி” என்றாள் அம்மா. என் கன்னத்தைத் தொட்டாள். உடனே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அப்படி அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. வேன் வளைவில் திரும்பும்வரை குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டே போனாள்.

தம்பிதான் அழவில்லையே, அவள் நினைத்தபடியே எல்லாம் நடந்ததே, பிறகு ஏன் அம்மா இப்படி அழுகிறாள்? எனக்கு விளங்கவில்லை. சித்தியிடம் கேட்டேன். சித்தி தம்பியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.