மெழுகுவத்தி ஏற்றாத வீடு

அப்பா எங்களை விட்டுப் போய் வருஷம் ஒன்று ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற உறவினர்களும் சபையாரும் அப்பாவைச் சாந்தமான மனுஷர், அதிர்ந்து பேசாதவர் என்று சொல்லுவீர்கள். உண்மைதான். ஆனால் அவர்களோடு வளர்ந்த எனக்கும் தம்பி டேனியலுக்கும் அப்பா என்றதும் முதலில் ஞாபகம் வருவது பயம். அப்பாவைக் கண்டு ஒரு நாளும் நாங்கள் பயந்ததில்லை. அப்பாவோடு சேர்ந்து பயந்தோம். ஒரு குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து பயந்த கதை எங்களுடையது.

செகந்திராபாத் பக்கம், குகட்பள்ளியில் உள்ள எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்துபோன எல்லாருக்கும் சில சந்தேகங்கள் உண்டு. படுக்கை அறையில் பூட்டுப் போட்ட ஒரு ஃப்ரிட்ஜ் எதற்கு? கிறிஸ்தவ வீட்டில் கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு மெழுகுவத்தி இல்லையே, ஏன்? பிறந்தநாள் கேக்கின்மேல் டார்ச் லைட்டைப் பிடித்து, பிள்ளையை ஊதச் சொல்லி, ஊதினதும் அணைக்கிறார்களே, இது என்ன கூத்து? இத்தனை காலமும் சிரித்து மழுப்பினோம். இனி மறைக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன்.

அப்பா பிறந்தது சென்னையில், யுத்த காலத்தில். எந்த நேரமும் குண்டு விழும் என்று ஊர் பாதி காலியாகிக் கிடந்த சமயம். தாத்தா ஒரு சினிமா ஸ்டுடியோவில் தச்சர். செட்டுக்குச் சுவரும் வாசலும் அடிக்கிற வேலை. அங்கே அப்போது ஒரு காதல் படம் எடுத்தார்கள். பட்டாளத்துக்குப் போன கணவன் பர்மாப் பக்கம் தொலைந்துபோகிறான். அவனை ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவள் கைக்குழந்தையோடு குண்டுமழைக்கு நடுவே அவனைத் தேடி ஓடுகிறாள். நடுநடுவே டூயட்டும் உண்டாம். அந்தக் கைக்குழந்தைதான் எங்கள் அப்பா.

கதாநாயகி தூக்கினால் அப்பா கையில் நிற்கவில்லை. துள்ளித் துள்ளி விழப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து, தாத்தாவுக்குச் சோறு கொண்டுவந்த அப்பாவின் அம்மா ஓரமாக நின்றிருக்கிறார்கள். ‘இந்தம்மாவே ஓடட்டும், முதுகுதானே தெரியப்போகுது’ என்று கதாநாயகியின் சேலையைக் கட்டவைத்து ஓடவிட்டார்கள். மணல் மூட்டைக்குப் பின்னால் வெடி வைத்திருந்ததை யாரும் முன்னதாகச் சொல்லவில்லை. பெரிய சத்தம் கேட்டதும் நிஜமாகவே குண்டு விழுந்துவிட்டது என்று நினைத்து, பிள்ளையை அணைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஸ்டுடியோ கேட்டைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டார்களாம்.

சில மாதத்தில் விஷக்காய்ச்சலில் அந்த அம்மா இறந்துபோனார்கள். கலியாணப் படம்கூட எடுக்காத குடும்பம். அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ரயில்வே வேலை கிடைத்துத் தாத்தா செகந்திராபாத்துக்கு ரயிலேறியபோது, ஸ்டுடியோவில் தூக்கிப்போட வைத்திருந்த ஃபிலிம் டப்பாக்களில் அந்தக் காட்சி உள்ள ஒன்றை மட்டும் டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டார்கள். படத்தின் மற்ற பகுதிகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. இன்று அந்தப் படம் உலகத்தில் எங்கும் இல்லை.

தாயில்லாப் பிள்ளையாகச் செகந்திராபாத்தில் வளர்ந்து, படித்து, பேகம்பேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார்கள் அப்பா. அந்த நாளில் சபையில் சினிமா பார்ப்பதே பாவம். தாயார் சினிமாவில் ஓடினார்கள் என்று தெரிந்தால் என்ன பேசுவார்களோ என்று டப்பாவைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை. அது முதல் பயம்.

இரண்டாவது பயம் நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது வந்தது. அந்தக் காலத்து ஃபிலிம் சுருள் வெயிலில் வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது என்று அப்பா எங்கோ படித்துவிட்டு வந்தார்கள். அன்று சாயங்காலம் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று என்னைப் பார்த்த அப்பாவின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சத்தம் போடாமல் வந்து, என்னைத் தூக்கி, வீதிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ‘இங்கேயே நில்லும்மா’ என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போனார்கள்.

மறுநாளே ஒரு ஃப்ரிட்ஜ் வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஃப்ரிட்ஜே அதுதான். அதில் தண்ணீர்ப் பாட்டில் வைக்கக்கூட எங்களுக்கு அனுமதியில்லை. தீப்பெட்டி வீட்டைவிட்டுப் போயிற்று. கரண்ட் அடுப்பு வந்தது. அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் கேட்டார்கள்: “ஏங்க, இது என்ன வீடா, வெடிமருந்துக் கிட்டங்கியா? அந்த டப்பாவ யாருகிட்டயாவது குடுத்துத் தொலைங்களேன்.”

“எங்கம்மா முகம் அதுல இருக்கு” என்றார்கள் அப்பா. 

அந்த முகம் அதில் உண்டா என்று அப்பாவுக்கும் தெரியாது. முதுகு தெரிய ஓடியவர்கள், வெடிச் சத்தத்துக்கு ஒரு தடவையாவது திரும்பியிருக்கமாட்டார்களா என்பதுதான் அப்பாவின் கணக்கு. வாழ்நாள் முழுக்க அந்த ஒரே ஆசைதான். அம்மா முகத்தைப் பார்க்கவேண்டும்.

தீபாவளிதான் எங்களுக்கு வருஷத்திலேயே பெரிய பயம். அப்பாவுக்கு வெடிச் சத்தமே ஆகாது, உடம்பு தூக்கிப் போடும். ஆனாலும் மணல் வாளியோடு மாடியில் காவல் நிற்பார்கள். “வத்து பாபு, இதர் நக்கோ, அந்தப் பக்கம் போய் வெடிங்கப்பா” என்று தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலுமாக, இங்கே வேண்டாமென்று தெருப் பிள்ளைகளைக் கெஞ்சுவார்கள். பிறகு கீழே வந்து எங்கள் நடுவில் உட்காருவார்கள். ஒவ்வொரு வெடிக்கும் எங்கள் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். மெதுவாக இரண்டு தட்டு, பிறகு வேகமாக ஒன்று. ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ என்பார்கள். 

ஒரு மே மாதம் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் எரிந்துபோயிற்று. சரியாக நாளாகும் என்றார்கள். ஐஸ் வாங்கிவந்து ஃப்ரிட்ஜை நிரப்பினோம், உருகிப் போயிற்று. டப்பாவிலிருந்து காரமாக ஒரு வாடை வர ஆரம்பித்தது. அம்மா வேதப்புத்தகத்தையும் எங்கள் சர்டிபிகேட்டுகளையும் பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டார்கள். அப்பா வெளியே போய் ஒரு மணி நேரத்தில் ஒரு வேனோடு வந்தார்கள். வேனில் இறந்தவர்களை வைக்கிற ஃப்ரீசர் பெட்டி. ஜெனரேட்டரோடு வாடகைக்குக் கிடைப்பது அது ஒன்றுதானாம்.

பெட்டியை இறக்கியதைத் தெருவே பார்த்தது. அப்புறம் கேட்கவேண்டுமா? எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா அழுதுகொண்டே ஓடிவந்தார்கள். பக்கத்து வீட்டில் மாலை வாங்க ஆள் போயிற்று. என்னையும் தம்பியையும் அம்மாவையும் மாறி மாறி எண்ணிப் பார்க்கிறார்கள், எல்லாரும் உயிரோடு நிற்கிறோம். யாரோ சொல்லிப் போதகர் ஐயாவும் ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டார்கள். வீட்டுக்குள் வந்து பெட்டியைப் பார்த்தார்கள். கண்ணாடி மூடிக்குக் கீழே வெள்ளைத் துணியில் சுற்றின ஒரு தகர டப்பா.

“உள்ள என்னய்யா இது?” என்று கேட்டார்கள்.

 அப்பா மெதுவாக, “எங்கம்மா, ஐயா” என்றார்கள்.

இத்தனை காலம் எதற்குப் பயந்தார்களோ அது நடந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னார்கள். சினிமா, ஓட்டம், வெடி, காய்ச்சல் எல்லாம். சபையை விட்டே தள்ளிவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். போதகர் ஐயா நாற்காலியை இழுத்துப்போட்டுப் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். “தாயாருக்கு அடக்க ஆராதனை நல்லபடி நடந்துச்சா?” என்று கேட்டார்கள். தெரியாது என்றார்கள் அப்பா. அந்த இடத்திலேயே ஐயா ஜெபம் பண்ணினார்கள். வாங்கிவந்த மாலையைப் பக்கத்து வீட்டார் பெட்டிமேல் வைத்தார்கள். அப்பா அழுததை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

நான் மாதாப்பூரில் வேலைக்குப் போன பிறகு, உடன் வேலை செய்யும் தோழியின் கணவர், பழைய ஃபிலிம்களைச் சரிசெய்கிறவர், வீட்டுக்கு வந்து டப்பாவைப் பார்த்தார். உள்ளே சுருள் ஒட்ட ஆரம்பித்துவிட்டது, இப்போது திறந்தால் கொஞ்சமாவது படியெடுக்கலாம், திறக்கும்போதே பொடியாகவும் போகலாம், தள்ளிப்போட்டால் நிச்சயம் ஒன்றும் மிஞ்சாது என்று உள்ளதைச் சொன்னார். நான் அப்பாவிடம் மன்றாடினேன். தம்பி சண்டையே போட்டான்.

“திறக்காதவரைக்கும் எங்கம்மா உள்ள இருக்காங்க” என்றார்கள் அப்பா. “திறந்து பார்த்து இல்லாட்டா நான் எங்கே போவேன்?”

அப்பா தீக்குப் பயந்தவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையான பயம் வேறு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வருஷங்கள் போயின. என் பிள்ளைகள் பிறந்து, அவர்களும் டார்ச்சை ஊதினார்கள். ‘தாத்தா, கரண்ட் போயிந்தி’ என்று தெலுங்கில் கத்திக்கொண்டு ஐஸ் எடுக்க ஓடவும் பழகிக்கொண்டார்கள்.

போன வருஷம் இருதயம் பலவீனப்பட்டு அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். டாக்டர் கையை விரித்துவிட்டார். ஒரு காலை என்னைக் கிட்டே கூப்பிட்டு, “எஸ்தர், டப்பாவைத் திறந்திடும்மா. இனிமே பயப்பட நேரமில்ல” என்றார்கள்.

தம்பி டப்பாவை ஈரத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள, நான் காரை ஓட்டினேன். ஏசியை முழுக்க வைத்தும் முதுகெல்லாம் வேர்வை. ஒவ்வொரு சிக்னலிலும் பக்கத்துப் பைக்கில் இருப்பவர் சிகரெட் பிடிக்கிறாரா என்று பார்த்தேன். தம்பி வாய்க்குள் வேதப்புத்தகத்துச் சங்கீதம் சொல்லிக்கொண்டே வந்தான். டப்பாவைத் தோழியின் கணவர் கையில் கொடுத்த பிறகும் அவனால் விரல்களை விரிக்க முடியவில்லை.

சுருளில் பெரும்பகுதி ஒட்டிக் கட்டியாகிப் போயிருந்தது. மிஞ்சினதை அவர் படியெடுத்து எங்கள் போனுக்கு அனுப்பினார், ஒரு நிமிஷம்கூட இல்லை, சத்தமும் இல்லை. புகை. சாய்ந்து கிடக்கிற ஒரு வாசல், அது தாத்தா அடித்ததாக இருக்கும். ஒரு அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். வெடிக்கிறது. திரும்பவில்லை. கடைசிவரைக்கும் திரும்பவேயில்லை. அவர்கள் தோள்மேல், நம்மைப் பார்த்தபடி, வாயெல்லாம் திறந்து அலறுகிற ஒரு குழந்தை.

“காட்டவேண்டாம்க்கா” என்றான் தம்பி. “முகமே இல்ல. அப்பா உடைஞ்சிருவாங்க.”  ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா கண் விழித்து, “இருக்கா?” என்று கேட்டுவிட்டார்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை. போனை அவர்கள் கையில் கொடுத்தேன்.

பார்த்தார்கள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்கள். முகத்தைத் தேடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்பா முகத்தைத் தேடவில்லை. அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பிள்ள எப்படிப் பயப்படுது பாரு” என்றார்கள். போனை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு அதன் முதுகில் தட்ட ஆரம்பித்தார்கள். மெதுவாக இரண்டு, வேகமாக ஒன்று. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல.”

தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான். தன் போனில் அதே காட்சியை வைத்திருந்தான். ஓடுகிற அந்த அம்மாவின் வலது கை குழந்தையின் முதுகில் இருக்கிறது. அந்தப் புகையிலும் ஓட்டத்திலும் தட்டிக்கொண்டே ஓடுகிறார்கள். மெதுவாக இரண்டு, வேகமாக ஒன்று. நாங்கள் இரண்டு பேரும் வராந்தாவுக்குப் போய் அழுதோம்.

மறுநாள் மத்தியானம் அப்பா நிம்மதியாகக் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார்கள். போன் அவர்கள் கைக்குள்தான் இருந்தது.

அப்பாவின் கடைசி நாட்களில் பகலென்றும் இரவென்றும் பாராமல் கவனித்த டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஜெபத்தில் தாங்கிய போதகர் ஐயாவுக்கும் சபையாருக்கும், அந்தச் சுருளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட தோழியின் கணவருக்கும், பாளையங்கோட்டையிலிருந்து கிடைத்த ரயிலைப் பிடித்து வந்த மாமாமார்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முன்பு வந்த அதே ஃப்ரீசர் பெட்டிக்காரர்தான் இந்தத் தடவையும் வந்தார். வாசலில் தயங்கி நின்று, “இப்ப யாரும்மா?” என்று கேட்டார். அப்பா என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவருக்கும் நன்றி.

எதிர்வீட்டு அம்மாவுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். அன்று தலைமாட்டில் வைக்க மெழுகுவத்தி வாங்கி வந்தார்கள். ஏற்றுவதற்கு எங்கள் வீட்டில் தீப்பெட்டி இல்லை. ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். ஃப்ரிட்ஜ் காலியாக இருக்கிறது, எரிய ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் குச்சியை உரசாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். திரும்பிப் பார்த்தேன். தம்பி மாடியிலிருந்து அப்பாவின் மணல் வாளியைத் தூக்கிவந்து என் பின்னால் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் வாளி. இன்னொரு கையை என் முதுகில் வைத்தான். மெதுவாக இரண்டு, வேகமாக ஒன்று. நான் ஏற்றினேன்.

கண்ணீருடன்,
மகள் எஸ்தர்