நான் சொல்லாமல் விட்ட ரிப்பன்

காலை பத்து இருபது. மூன்றாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் ஒரு சிவப்பு ரிப்பன் கிடந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தது. ஒரு நுனி ஈரமாக இருந்தது. அதில் பல் பதிந்திருந்தது. கன்னியம்மாவைக் காணவில்லை.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு பள்ளியில் நடந்தது இது. காது கேளாத பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி கொடுக்கும் ஆசிரியையாக, மூன்று பள்ளிகளுக்கு மாறி மாறிப் போய்வந்தேன். சொந்த ஊர் திருவள்ளூர். அப்பா வீரராகவப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம் செய்தவர். வார நாட்களில் வாடகை அறையில் தங்கி, சனிக்கிழமை பஸ் பிடித்து வீட்டுக்குப் போவேன்.

இந்த அனுபவத்தை அடியார்கள் நடுவில் இதற்கு முன் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். இரண்டு முறையும் ரிப்பனைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: பிள்ளை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், வாயால் பேச வேண்டும். கை பேசினால் வாய் சோம்பிவிடும். மற்ற ஆசிரியைகள் பிள்ளைகளைக் கையின் மேல் உட்கார வைப்பார்கள். கன்னியம்மா அப்படி உட்கார மாட்டாள். எட்டு வயது. கை ஓயாது. அதனால் நான் ரிப்பனைக் கண்டுபிடித்தேன். பாடம் முடியும் வரை மணிக்கட்டுகளை முன்பக்கமாகச் சேர்த்துக் கட்டிவிடுவேன். அவள் தொண்டையில் என் விரலை வைத்து, "அம்மா" சொல்ல வைப்பேன். சொன்னாள். அதை என் வெற்றியாகக் குறிப்பேட்டில் எழுதினேன்.

அதோடும் நிற்கவில்லை. அவள் தெருவுக்குப் போய், இனி யாரும் அவளிடம் கையை ஆட்டிப் பேசக்கூடாது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அன்று காலை வந்ததிலிருந்து அவள் விரலால் இடது புருவத்தில் கோடு போட்டுக் காட்டினாள். பிறகு உள்ளங்கையை ஊதினாள். மறுபடியும் புருவம், மறுபடியும் ஊதல். நான் அதைக் குறும்பு என்று நினைத்தேன். ரிப்பனைக் கட்டினேன். பத்து மணிக்குத் தலைமையாசிரியர் கூப்பிட்டார். மாதாந்திரப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். கட்டை அவிழ்க்காமலே போனேன். திரும்பி வந்தபோது பெஞ்சில் ரிப்பன் மட்டும்தான் இருந்தது; அவளைத் தேடிப் பின்பக்கம் போனேன்.

பள்ளிக்குப் பின்னால் காலி நிலம், அதற்கப்பால் ரயில் பாதை, பாதைக்கு அந்தப் பக்கம் இரும்பு மில். காலி நிலத்தில் பாதி தூரம் போகும்போது சரக்கு ரயிலின் ஊதல் கேட்டது. எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்காது. ஓடினேன். செருப்பு வார் அறுந்தது. நான் கரையேறுவதற்குள் ரயில் வந்துவிட்டது. பெட்டிகள் என் முகத்துக்கு நேராகப் போய்க்கொண்டே இருந்தன. அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை.

கைகூப்பினேன். "வீரராகவா, என் வேலை போகாமல் காப்பாற்று."

ஆம், என் வாயில் முதலில் வந்தது அதுதான். சில பெட்டிகள் கடந்த பிறகே நான் கேட்டது என்ன என்று என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அழுதேன். "குழந்தையைக் கொடு. அவள் கையை இனி கட்ட மாட்டேன்" என்றேன்.

கடைசிப் பெட்டி நகர்ந்தது. அந்தப் பக்கச் சரிவில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கன்னியம்மா. இன்னொருத்தி அவள் தெருவைச் சேர்ந்த ராஜம்மா. பாதையோரம் கரித்துண்டு பொறுக்கி விற்பவள். அவள் கூடை கவிழ்ந்து கிடந்தது.

"வா டீச்சரம்மா," என்றாள் ராஜம்மா. மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. "தண்டவாளத்து நடுவுல நடந்துக்கினு வருது. பின்னால ரயிலு. கத்துறேன், கத்துறேன், அதுக்கு இன்னா கேக்கும்? அப்பால கூடையைக் கடாசிட்டுக் கையைக் காட்டினேன்."

கிணற்றில் தண்ணீர் சேந்துவதுபோல் இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினாள். அந்தத் தெருவில் அதற்கு 'ஓடி வா' என்று அர்த்தம்.

"அப்டியே தாவி ஓடியாந்துச்சு. நீ ஊடு ஊடா வந்து, கையை ஆட்டாதே, கையை ஆட்டாதேன்னு சொல்லிக்கினு போனியே. நல்லவேளை, அது ஒண்ணும் என் மண்டையில ஏறல. கையைக் கட்டிக்கினு நின்னிருந்தா இந்நேரம் இன்னா ஆயிருக்கும் சொல்லு?"

சொல்லி முடித்து, குழந்தையின் கைகளைத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றி இரண்டு சிவந்த கோடுகள்.

"இது இன்னா டீச்சர்?"

"தெரியல," என்றேன்.

கன்னியம்மா என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைப் படிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

தலைமையாசிரியர், "பொண்ணு கெடச்சிடுச்சு இல்ல, உடும்மா. யாருக்கும் சொல்லாதே," என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் "பாடம் நடந்தது" என்று எழுதினேன்.

அந்தச் சனிக்கிழமை அமாவாசை. திருவள்ளூர் கோயில் குளத்தில் கூட்டம். நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் படிக்கட்டில் நின்று வெல்லம் கரைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் வாங்கி வைத்திருந்தேன். தண்ணீர் வரை இறங்கினேன். வெல்லம் கையிலேயே பிசுபிசுத்தது. கரைக்க முடியவில்லை. பெருமாள் குழந்தையைக் கொடுத்துவிட்டான், நான் கொடுக்க வேண்டிய உண்மையை இன்னும் கொடுக்கவில்லை என்பது அங்கே எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை மாலை ரிப்பனை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா கதவைத் திறந்தார். இடது புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு. வலது கையில் துணிக்கட்டு. மில்லில் போன வாரம் சுட்டுக்கொண்டதாகச் சொன்னார். புருவத்தில் கோடு, உள்ளங்கையில் ஊதல். அப்பாவுக்குக் கை வெந்துவிட்டது என்று அவள் எனக்குச் சேதி சொல்லியிருக்கிறாள். நான் கேட்கவில்லை, அதனால் கட்டுப் போட்ட கையோடு வேலைக்குப் போன அப்பாவைப் பார்க்க அவள் மில்லுக்கே புறப்பட்டிருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அம்மா முனியம்மா அடுப்பிலிருந்து எழுந்து வந்தாள். ரிப்பனை வாங்கி இழுத்துப் பார்த்தாள்.

"மாட்டைக் கட்டினாகூட கவுறு நீளமா உடுவோம், டீச்சர்."

அவ்வளவுதான். நான் எழுந்தபோது அவளே கேட்டாள்: "நாளைக்கு சாயங்காலம் வர்றியா? அதுக்கு உன் பேச்சைக் கத்துக்குடுத்தே. அது பேச்சை நீ கத்துக்க வேணாமா?"

போனேன். ஒரு வருடத்துக்கு மேல் போனேன். ராஜம்மா எதிரே உட்கார்ந்து, "டீச்சர் மக்கு, டீச்சர் மக்கு" என்று கையாலேயே கேலி செய்வாள். குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு எந்தப் பிள்ளையின் கையையும் நான் கட்டவில்லை. உதட்டையும் சொல்லிக்கொடுத்தேன், கையையும் பேச விட்டேன். பார்வையிட வந்த அதிகாரி என்னைக் கண்டித்து எழுதிவிட்டுப் போனார். கன்னியம்மா அந்த ஆண்டு முடிவதற்குள் தன் பெயரையும் அப்பா பெயரையும் சிலேட்டில் எழுதினாள்.

அடியார்களே, கணக்குப் பார்த்தால் ராஜம்மா கையைக் காட்டிய பிறகுதான் ரயில் அந்த இடத்தைக் கடந்தது. நான் வேண்டத் தொடங்கியது அதற்கும் பிறகு. நான் வாய் திறக்கும் முன்பே பெருமாள் கொடுத்திருந்தான். தகுதி பார்த்திருந்தால் எனக்கு எதுவும் கிடைத்திருக்காது. ஆகவே ஆபத்தில் இருப்பவர்கள் அவனைக் கூப்பிடுங்கள். முதலில் வரும் வார்த்தை கேவலமாக இருந்தாலும் கூப்பிடுங்கள். கிடைத்த பிறகு, மறைத்ததை உரியவர்களிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். நான் தாமதித்துச் சொன்னேன். உங்களிடம் அதையும்விடத் தாமதமாகச் சொல்கிறேன்.

அடுத்த தை அமாவாசைக்குக் கன்னியம்மா வீட்டாரைத் திருவள்ளூருக்கு அழைத்துப்போனேன். கன்னியம்மாவும் நானும் சேர்ந்து குளத்தில் வெல்லம் கரைத்தோம். படியேறும்போது அவள் அம்மாவிடம் என்னைக் குறித்து ஏதோ சொன்னாள். அந்தத் தெருவில் ஒவ்வொருவருக்கும் அவள் ஒரு கைப்பெயர் வைத்திருந்தாள். அப்பாவுக்குப் புருவக் கோடு, ராஜம்மாவுக்குத் தலைக்கூடை. என் பெயரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டு மணிக்கட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து வைத்தாள்.