காலர்க்காரியின் இடுப்பு வலி

அந்தச் சட்டைக் கம்பெனியில் தைக்கிற இடம்தான் ஆளுக்குப் பேர். பை வைப்பவள் பாக்கெட், கை மூட்டுபவள் ஸ்லீவ், பட்டன் கட்டுபவள் பட்டன். "நாம எல்லாரும் ஒரே நாள்ல லீவு போட்டா முதலாளி வெறும் உடம்போடதான் நிக்கணும்" என்று பாக்கெட் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

காலர்க்காரிக்குத் தன் பேரில் கொஞ்சம் கர்வம் உண்டு. நியாயமான கர்வம்தான். சட்டையில் முதலில் கண்ணில் படுவது காலர். இரண்டு முனையும் மயிரிழை பிசகாமல் ஒன்றுபோல் நிற்க வேண்டும். முனை திரும்பும் இடத்தில் ஒரு தையல் கூடினால் மொண்ணையாகிவிடும், குறைந்தால் பிய்ந்துகொள்ளும். மற்றவர்கள் அட்டையை வெட்டி அளவு வைத்துக்கொள்வார்கள். அவளுக்கு விரலே அளவு. அவள் தைத்த காலர் ஒன்றாவது செக்கிங் மேசையிலிருந்து திரும்பி வந்ததாக அந்த வரிசையில் யாருக்கும் நினைவில்லை.

கழிப்பறைக்குப் போக வரிசைக்கு ஒரே ஒரு அட்டைதான். கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருத்தி வந்து கழற்றினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். காலர் நின்றால் அவளுக்குப் பின்னால் இருப்பவர்கள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் அவள் அந்த அட்டையைத் தொடுவதே இல்லை. தொடாமல் இருக்க அவள் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் நிரப்பிக்கொண்டு போன பாட்டில் சாயங்காலம் அப்படியே வீடு திரும்பும்.

"பாட்டிலுக்கு ஊரைச் சுத்திக் காட்டிக் கூட்டிட்டு வர்றியா?" என்பாள் அக்காள். இருவருக்கும் ஒரே அறை. அக்காள் பஸ் டிப்போவில் கூட்டிப் பெருக்குகிற வேலை.

ஏற்றுமதி வாரம் பிறந்த அன்று சிறுநீரில் எரிச்சல் தொடங்கியது. சொட்டுச் சொட்டாய்ப் போனது, போகும்போது உயிர் போனது. போய் வந்து உட்கார்ந்ததும் மறுபடி முட்டியது. அன்று அவள் கழுத்தில் அட்டையைப் பார்த்த சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"என்னம்மா, நீயே இப்படிப் பண்ணினா? இந்த வாரம் மட்டும் லீவு கீவுன்னு வந்து நின்னுடாத. அந்த மெஷின்ல வேற ஆளைப் போட்டா, போட்டதுதான்."

அவர் மிரட்டவில்லை. நடப்பதைத்தான் சொன்னார். டாக்டரிடம் போனால் ஒரு பகல் போய்விடும். அந்த மெஷினும் போய்விடும்.

வழி சொன்னது பாக்கெட்தான். "டாக்டர் எதுக்குக்கா? முக்குல இருக்கிற மருந்துக்கடைல அந்த அம்மாவே தருவாங்க, இதுக்குச் சீட்டு வேணாம். உள்ள கூப்பிட்டு நாலு கேள்வி கேப்பாங்க, அவ்வளவுதான். நான் ரெண்டே நாள்ல பழைய குருடி கதவைத் திறடின்னு வந்து உக்காந்துட்டேனே!"

சாயங்காலம் வேலை விட்டதும் போனாள். மருந்துக்கடை அம்மா கடையின் ஓரத்தில் இருந்த சின்னத் தடுப்புக்குள் அவளை உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, பொறுமையாகவே கேட்டார்.

"மாசமா இருக்கீங்களா? சர்க்கரை இருக்கா?"

"இல்லம்மா."

"ஜுரம், குளிர் நடுக்கம் ஏதாவது?"

அவள் யோசித்தாள். உடம்பு காந்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் அயர்ன் மேசை. அந்த ஆவியில் யாருக்குத்தான் காந்தாது?

"இல்லம்மா."

"இடுப்புல, விலாவுக்குக் கீழ வலி இருக்கா? நல்லா நினைச்சுச் சொல்லுங்க. இருந்தா நான் மருந்து தரக்கூடாது, உடனே டாக்டரைத்தான் பாக்கணும்."

இடுப்பு வலி இல்லாத டெய்லர் உலகத்தில் உண்டா? கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது, இடுப்பு வலி இருக்கிறது. அதைப் போய் யாராவது நோய் என்று சொல்வார்களா? வலப்பக்கம் மட்டும் காலையிலிருந்து கொஞ்சம் கூடுதலாகக் குத்தியது உண்மை. ஏற்றுமதி வாரத்தில் எல்லாமே கூடுதல்தானே.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றாள். பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

மாத்திரையை வேளை தவறாமல் போட்டாள். தண்ணீரும் குடித்தாள். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. 'நல்லவேளை, டாக்டர் கீக்டர்னு அலையல' என்று தேற்றிக்கொண்டாள். குத்தல் மட்டும் விடவில்லை. துணிச்சுருள் ஒன்றை இடுப்புக்கும் நாற்காலிக்கும் நடுவில் செருகிக்கொண்டு தைத்தாள். ஏற்றுமதிக்கு முந்தின நாள் மதியம் பற்கள் கிடுகிடுவென அடித்துக்கொண்டன. கையிலிருந்த காலரின் ஒரு முனை திரும்பியிருந்தது. மறுமுனையைத் திருப்புவதற்குள் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி நாளாகிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இரத்தத்திலும் கலந்திருந்தது. பிழைத்தது பெரிது. வலது சிறுநீரகம் இனி பழையபடி வேலை செய்யாது என்று டாக்டர் அக்காளிடம் தனியாகச் சொன்னார். அக்காள் நேராக மருந்துக்கடைக்குச் சண்டைக்குப் போனாள். திரும்பி வந்து கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தம்மா கேட்டாங்களாமேடி, இடுப்பு வலிக்குதான்னு."

"கேட்டாங்க."

"இல்லன்னியா?"

"எந்த வலியைக் கேட்டாங்கன்னு எனக்கு என்னக்கா தெரியும்? மெஷின்ல உக்காந்த நாளா வலிக்குது."

அக்காள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

உடம்பு தேறி அவள் கம்பெனிக்குத் திரும்பியபோது காலர் மெஷினில் வேறொருத்தி இருந்தாள். அவளைத்தான் இப்போது எல்லாரும் காலர் என்று கூப்பிட்டார்கள். இவளை நூல் பிசிறு வெட்டும் மேசையில் நிற்கவைத்தார்கள். மேசை கழிப்பறைக் கதவை ஒட்டியே இருந்தது. அங்கே அட்டை தேவையில்லை. பாட்டில் மத்தியானத்துக்குள் காலியாகிவிடும்.

ஒரு சட்டை கைக்கு வந்தது. விரல் தானாகக் காலருக்குப் போனது. இடது முனை ஒரு நூல் அளவு கூடுதலாக நீண்டிருந்தது. தடவிப் பார்த்தாள். பிசிறை வெட்டினாள், மடித்தாள், அடுக்கின் மேல் வைத்தாள்.

அட்டையை மாட்டிக்கொண்டு பாக்கெட் அந்தப் பக்கம் வந்தாள்.

"என்னக்கா, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? வலிக்குதா?"

"ஆமாடி. வலிக்குது."

"இங்க யாருக்குத்தான் வலிக்கல?" என்று சிரித்துக்கொண்டே பாக்கெட் உள்ளே போனாள்.