யாரு வந்து கூப்பிட்டாலும்

எங்கள் அச்சகத்தில் அவரைக் கூடார அக்கா என்போம். வேலை பிழை திருத்துவது. நாங்கள் அச்சிடும் குழந்தைகள் மாத இதழின் கடைசிப் பக்கத்துக்குப் பாட்டு எழுதுவது, சம்பளத்தில் சேராத வேலை. பாட்டெல்லாம் வெட்டவெளியைப் பற்றித்தான்: கூடாரம், கணப்பு, ஓடைக்கல், நட்சத்திரம். ஆனால் அக்கா கூரையில்லாத இடத்தில் ஒருநாளும் படுத்ததில்லை. ஜன்னலைச் சாத்தி, கொக்கியைத் தொட்டுப் பார்த்து, மறுபடி தொட்டுப் பார்த்து, விளக்கை எரியவிட்டுத்தான் தூங்குவார். மின்சாரம் போனால் பேனாவை மேசையில் போட்டுவிட்டு, ஆள் நடமாட்டம் உள்ள இயந்திரக் கூடத்துக்கு வந்து நின்றுகொள்வார்.

"என்னக்கா, பாட்டுல கரடியோட கும்மாளம் போடுறீங்க. கரப்பான்பூச்சியப் பாத்தா நாற்காலி மேல ஏறுறீங்க?" என்பார் அச்சு இயந்திரம் ஓட்டுபவர்.

"கரடி காகிதத்துல இருக்கு. கரப்பான் காலுக்கடியில இருக்கு. எது கடிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

நான் பக்கங்களை வடிவமைப்பவன். அவருக்கு எதிர் மேசை. ஒரு வரி எழுதியதும் விரலால் மேசையில் தட்டித் தாளம் பார்ப்பார். பயப்படுகிறதையெல்லாம் இப்படித் தட்டித் தட்டித் தூங்கவைக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

அந்த மாதப் பாட்டில் மூன்று பத்திகள் இருந்தன. கூடவே, பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஓர் ஆந்தைப் படம். "ஒரு பத்தி போகணும்" என்றார் இதழாசிரியர். அக்கா ஆந்தையைப் பார்த்தார். "இதோட கண்ணு நல்லாருக்கு. இதைச் சின்னது பண்ணா பாவம்" என்று கடைசிப் பத்தியை அவரே அடித்துவிட்டார். அச்சில் வந்தது இவ்வளவுதான்:

*செருப்பைக் கழற்றி வாசலில் வை,*
*சின்னப் பாதம் மெல்ல வை.*
*மரத்தின் பின்னே குந்திக்கோ,*
*மடியில் கையைக் கட்டிக்கோ.*

*யாரு வந்து கூப்பிட்டாலும்*
*வாயைத் திறக்கக் கூடாது.*
*காடு உன்கிட்டப் பேசும் நேரம்*
*காதைத் திருப்பக் கூடாது!*

இதழ் வெளிவந்த கையோடு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. பிள்ளைகளை ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கவைக்கிறார்களாம். அக்கா வந்து பாட்டுச் சொல்ல வேண்டுமாம். அக்கா முடியாது என்றுதான் சொன்னார். ஆனால் அது அவருடைய தங்கை மகள் படிக்கிற பள்ளிக்கூடம். எல்லாரும் ஒரே வீட்டில் இருப்பவர்கள். மொட்டு என்று கூப்பிடும் அந்தச் சிறுமிக்குப் பெரியம்மாவின் பாட்டெல்லாம் மனப்பாடம். தங்கை கறாராகச் சொல்லிவிட்டாளாம்: "நீ கூடப் போனா அனுப்புறேன். இல்லன்னா அவ வீட்டுலயே கிடக்கட்டும். தண்ணிப் பக்கம், எனக்கு வேற யார்மேலயும் நம்பிக்கை இல்லக்கா."

அக்கா போனார். படம் எடுக்க என்னையும் அனுப்பினார்கள்.

ஏரிக்கரையில் கூடாரங்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் மரங்கள். அக்கா பொழுது சாய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டு வானத்திலிருந்து இறங்கவில்லை, தரையிலிருந்து ஏறியது. முதலில் எங்கள் கால்கள் மறைந்தன. சாப்பாட்டுக்குப் பிள்ளைகளை உட்காரவைத்து எண்ணியபோது ஒரு தலை குறைந்தது.

மொட்டு இல்லை.

விளையாட்டு வாத்தியார் விசில் ஊதினார். "மொட்டூ!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கைவிளக்குகளின் வெளிச்சம் மரத்துக்கு மரம் தாவியது. ஒருவர் தண்ணீரை நோக்கி ஓடினார். அவர் ஓடுவதைப் பார்த்ததும் அக்காவின் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"தங்கச்சிகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

மொட்டுவின் கூடாரத்துக்குப் போனோம். உள்ளே போர்வை கலையாமல் கிடந்தது. வாசலில் அவளுடைய செருப்பு. உதறிப் போட்டதல்ல, ஒன்றையொன்று ஒட்டி, ஒழுங்காக வைத்திருந்தது.

அக்கா குனிந்து அதைக் கையில் எடுத்தார். பிறகு திரும்பி, நான் அதுவரை கேட்டிராத குரலில் கத்தினார்.

"எல்லாரும் வாய மூடுங்க!"

வாத்தியார் ஓடிவந்தார். "கூப்பிடாம எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"கூப்பிடக் கூப்பிடத்தான் அவ பேசமாட்டா. நான்தான் அப்படி எழுதி வச்சிருக்கேன். விசிலக் கீழ போடுங்க சார்!"

சத்தம் அடங்கியது. அதன்பின் வந்த அமைதி கூச்சலைவிடப் பயங்கரமாக இருந்தது. பாட்டுக்குக் கட்டுப்பட்டு ஒரு குழந்தை பேசாமல் இருப்பதும், பேச முடியாத இடத்தில் கிடப்பதும் வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். ஏரி மட்டும் கரையை நக்கிக்கொண்டிருந்தது.

"அந்தக் கடைசிப் பத்தி" என்றார் அக்கா. "எழுந்து வான்னு முடிச்சிருந்தேன். ஒரு வரிகூட ஞாபகம் வரலியே தம்பி."

எனக்கும் வரவில்லை.

அவர் மரங்களுக்குள் நடந்தார். கைவிளக்கை நீட்டினேன். "வேணாம், வெளிச்சம் பட்டா மிரண்டு பின்னால போயிடுவா" என்று தள்ளிவிட்டார். வராந்தா விளக்கு இல்லாமல் கழிப்பறைக்குப் போகாத மனுஷி. செருப்பை நெஞ்சோடு பிடித்து, அதன்மேல் விரலால் தட்டிக்கொண்டே போனார். முதலில் அச்சில் வந்த வரிகளைச் சொன்னார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. வரிகள் முடிந்தன. நின்றார். தட்டல் மட்டும் கேட்டது. பிறகு, இல்லாத வரிகளை ஒவ்வொன்றாக இழுத்தார்:

"காடு பேசி முடிச்சாச்சு...
கதவைச் சாத்திப் போயாச்சு...
கூப்பிடுறது பெரியம்மா,
குரலக் கொடுடி செல்லம்மா."

ஒன்றும் அசையவில்லை. மறுபடி சொன்னார். மூன்றாம் தடவை அது பாட்டாகவே இல்லை, கெஞ்சலாக இருந்தது.

"இது புத்தகத்துல இல்லையே" என்றது இருட்டு.

ஒரு பருத்த மரத்துக்குப் பின்னாலிருந்து மொட்டு எழுந்து வந்தாள். கை இன்னும் கட்டியபடி இருந்தது. "எல்லாரும் கத்தினாங்க பெரியம்மா. நான் வாயே திறக்கல. காடுதான் ஒண்ணுமே பேசல."

அக்கா அவளை அடிக்கக் கை ஓங்கி, அந்தக் கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டார். "புத்தகத்துல இருந்திருக்கணும்டி. எடுத்துட்டேன்."

நான் கைவிளக்கை அந்த மரத்தின் பின்புறம் அடித்துப் பார்த்தேன். அவள் உட்கார்ந்த தடத்தையடுத்து மண் சரிந்து நேரே தண்ணீரில் இறங்கியது. அக்காவும் பார்த்தார். மொட்டுவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த இதழில் அதே பாட்டு மறுபடி வந்தது. எதற்கு என்று கேட்ட இதழாசிரியரிடம் அக்கா, "போன தடவை பாட்டு முடியல, அதான்" என்று மட்டும் சொன்னார். ஆந்தையைச் சின்னதாக்கச் சொன்னார், ஆக்கினேன். இந்த முறை மேசையில் தாளம் தட்டவில்லை. முதல் தாள் அச்சாகி வரும்வரை இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று, ஈரம் காயாத அதைக் கையில் வாங்கி, கடைசி நாலு வரி இருக்கிறதா என்று பார்த்தார். மறுபடியும் பார்த்தார், ஜன்னல் கொக்கியைப் பார்ப்பதுபோல.