பொக்லைனுக்கு ஒரு வாய்தா

பதற்றம் வந்தால் சில வக்கீல்கள் கண்ணாடியைத் துடைப்பார்கள், சிலர் இருமுவார்கள். எனக்குத் தானாக வாயில் வருவது ஒரே வாக்கியம்: "வாய்தா வேணுங்க ஐயா." வழக்கை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்க இதைவிடச் சுருக்கமான மந்திரம் கிடையாது.

அன்று திண்டிவனம் நீதிமன்றத்தில், ஏரிக்கரையோரம் குடியிருக்கும் கரும்பு வெட்டும் குடும்பங்களுக்காகப் போயிருந்தேன். மறுநாள் காலை வீடுகளை இடிக்கப் பொக்லைன் வருகிறது. அன்றைக்கே தடை உத்தரவு வாங்கியாக வேண்டும். விழுப்புரத்தில் பஸ் ஏறியதிலிருந்து வாதத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், நாக்கு தன் வேலையைக் காட்டிவிட்டது.

"வாய்தா வேணுங்க ஐயா."

நாளைக்கு இடியப்போகும் வீட்டுக்கு இன்றைக்கு வாய்தா கேட்ட வக்கீல் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அரசு வக்கீல் முகத்தில் தீபாவளி. தங்களுக்கு ஆட்சேபணையே இல்லை என்று குழைந்தார்.

பின்வரிசையிலிருந்து மனுதாரர்களில் ஒருவரான அம்மா எழுந்தார். "வாய்தா எங்களுக்கு வேணாங்க ஐயா. பொக்லைனுக்குக் குடுங்க."

நீதிபதியே சிரிப்பை அடக்கிக்கொண்டார். அரசு வக்கீல் மட்டும், ஆக்கிரமிப்பு செய்தவர்களெல்லாம் கோர்ட்டில் பேசக் கிளம்பிவிட்டார்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"வீட்டு வரி வாங்குனப்போ, கரண்டு மீட்டர் மாட்டுனப்போ ஆக்கிரமிப்புன்னு தெரியலையா சார்?"

யார் பேசுவது என்று நானே ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அப்புறம் நிற்கவில்லை. மாற்று இடம் காட்டாமல் இவர்களை எங்கே தள்ளுவீர்கள் என்று கேட்டேன். அதையே மறுபடியும் கேட்டேன். அடுத்த விசாரணை வரை வீடுகளைத் தொடக்கூடாது என்று உத்தரவானது.

ஆனாலும் மறுநாள் பொக்லைன் வந்துவிட்டது. உத்தரவு நகலை அதிகாரியிடம் நீட்டினேன். நீட்டினேனே தவிர பிடியை விடவில்லை, அவர் பிடுங்கித்தான் படித்தார். வண்டி பின்வாங்கியது.

இது தற்காலிகத் தடைதான், சந்தோஷப்பட்டுவிட வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லப் போனேன். அவர் ஏற்கெனவே வாளியில் சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"இடிக்கப் போறாங்க, இடிக்கப் போறாங்கன்னு பயந்துக்கினு இத்தினி வருசமா வெள்ளையே அடிக்கல சார். இனிமே அவங்க பயப்படட்டும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கோட்டு பாழாயிடும்."