அத்தான் குடிக்கவில்லை

மாட்டு இரத்தம் உறையாமல் இருக்க, சூடு ஆறும்வரை கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கலக்கக் கலக்க மரத்துடுப்பில் நூல் நூலாகச் சுற்றும். கழுவினால் வெள்ளை. இழுத்தால் ரப்பர்போல நீளும். அதை வழித்து எறிந்தால் மிச்ச இரத்தம் தண்ணீர்போலக் கிடக்கும், உறையாது. எண்பதுகளில் நியூசிலாந்தில், ஒக்லாந்தின் தெற்கே ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் என் அக்காவின் புருஷனுக்கு அதுதான் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு எடுத்தவர் அவர். பக்கத்தில், மனுரேவாவில், அவர் வீட்டில்தான் இருந்தேன். அதே இடத்தில் தோல் அடுக்கும் வேலையும் அவர்தான் எடுத்துத் தந்தார். ஊரில் வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடாத மனிதருக்கு இங்கே முழங்கை வரை இரத்தம். ஒரு நாளும் முறைப்பட்டதில்லை. ஒருமுறை அந்த நூலைத் தூக்கிக் காட்டினார். "இதுதானடா காயத்தை அடைக்கிற சாமான். இது இல்லாட்டி ஒரு சின்ன வெட்டுக்கே இரத்தம் ஓடி நாங்கள் சரி."

பிறகு அவருடைய இடது கால் இழுபட்டது. ஒரு நாள் காலை துடுப்போடு சாய்ந்து சுவரைப் பிடித்தார். பேச்சுக் குழறியது. மேற்பார்வையாளன் வந்து, எல்லோருக்கும் முன்னால், மாட்டை மணப்பதுபோல அவர் வாயை மணந்து பார்த்தான். ஒரு மணமும் இருந்திருக்காது. ஆனாலும் குடித்துவிட்டு வந்ததாக எழுதி வீட்டுக்கு அனுப்பினான். என் பக்கத்தில் நின்ற மலேசியாக்காரர், எங்கள் தமிழர்தான், "என்னா தம்பி, உங்க அத்தான் காலையிலேயே தண்ணி போட்டுட்டாரா?" என்று சிரித்தார். அத்தான் என்னைப் பார்த்தார். நான் தோலை அடுக்கினேன்.

வீட்டில் அக்கா முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினார். அதிலும் நாக்குத் தடக்கியது. "பார், சத்தியத்திலேயே குடிவெறி தெரியுது" என்றாள். வீட்டுக்குப் பக்கத்து டொக்டர், ஊர் நினைப்பு என்று சொல்லி நித்திரைக் குளிசை எழுதினார். அதே மாதிரி இன்னும் இரண்டு தடவை நடந்ததும் வேலை போனது.

நரம்புத் தளர்ச்சியாக இருக்கும் என்று பிறகு நாங்களே முடிவு கட்டினோம். நரம்புக்கு எண்ணெய் முழுக்கு. சனிக்கிழமை தோறும் தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து, குளியல் தொட்டிக்குள் இருத்தி, கொதிநீர் கலந்து ஊற்றினோம். ஊற்றியது நான். "போதுமடா, கண் மங்குது" என்பார். "பேசாமல் இருங்கோ அத்தான். சூடுதான் நல்லம்" என்று இன்னொரு வாளி ஊற்றுவேன். நாலாம் சனி அவர் கால்கள் அசையவே இல்லை. இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியாமல் அம்புலன்ஸைக் கூப்பிட்டோம்.

ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் முதலில் கேட்டது, சுடுநீரில் இருந்தாரா என்றுதான். வருத்தத்தின் பெயர் மல்டிபிள் ஸ்க்ளரோசிஸ். மூளை நரம்பின் மேலுறை அங்கங்கே உரிந்துபோகிறதாம். உடம்பு சூடேறினால் அந்த நரம்பு வேலை செய்யாதாம், ஆறினால் திரும்புமாம். "அப்ப குடி இல்லையோ?" என்று அக்கா கேட்டாள். டொக்டர் இல்லை என்று தலையாட்டினார். அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். அத்தான் கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்து, "கேட்டியே, நீ என்னை அவிச்சுக் கொல்லேல்லையாம்" என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு பல வருஷம் சக்கர நாற்காலியில் இருந்து செத்தார்.

அக்காவின் மகள் இப்போது ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். போன மாதம் அந்த வருத்தத்தைப் பாதி இங்கிலீஷில் விளங்கப்படுத்தினாள். இரத்தக் குழாய்ச் சுவர் இளகி, இரத்தத்தை உறைய வைக்கும் புரதம் மூளைக்குள் கசிகிறதாம். அங்கே அது நூலாகிறதாம். மூளையின் காவல் செல்கள் அதை எதிரி என்று நினைத்துக் கொதித்தெழுந்து, சொந்த நரம்பின் உறையையே தின்கின்றனவாம். "படம் காட்டவா, மாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். எனக்கு அந்த நூலைத் தெரியும். நாள் முழுக்க அதைத் துடுப்பிலிருந்து வழித்த மனிதரின் மண்டைக்குள்ளேயே அது இறங்கியிருக்கிறது. நாங்கள் எல்லோரும் வாயை மணந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன கிழமை ஒக்லாந்தின் பிளாட் புஷ்ஷில் ஒரு கல்யாணம். அந்த மலேசியாக்காரர், கிழவராகி, என் பக்கத்தில் சாப்பிட இருந்தார். "உங்க அத்தான் நல்ல மனுஷன். குடிதான் கெடுத்திருச்சு" என்றார்.

"அவர் குடிக்கேல்லை" என்றேன். மேசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சரி சரி, அதுக்கு ஏன் கத்துறீங்க? எனக்கு எப்படித் தெரியும்? நீங்ககூட அன்னிக்கு ஒண்ணும் சொல்லலையே."

உண்மை. நான் அவரோடு ஒரே வீட்டில் படுத்து, ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனவன். அவர் குடிக்கவில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். அப்போது என் விசா இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த விண்ணப்பத்தில் மேற்பார்வையாளன் கையெழுத்து எனக்கு வேண்டியிருந்தது.

கையெழுத்துக் கிடைத்தது.