எங்கள் காலேஜுக்கு டிகிரி வகுப்பு வந்த கதை

மெயின் அருவியில் தண்ணீர் விழும் இரைச்சல் எங்கள் வகுப்பறைக்குள் கேட்கும். தண்ணீர் கூடினால் மேடத்தின் குரலும் கூடும்... தொண்டை கட்டிப்போய், கடைசியில் போர்டில் எழுதியே பாடத்தை முடிப்பார்!

அதுதான் எங்கள் காலேஜ். அறுபதுகளின் நடுவில் குற்றாலத்தில் பெண்களுக்கென்று புதிதாக ஆரம்பித்தது. சொந்தக் கட்டடம் இன்னும் எழும்பவில்லை. சீசனுக்கு மட்டும் திறக்கிற ஒரு பங்களாவில் வகுப்புகள். கார் ஷெட்தான் லேப். சாப்பாட்டு அறைதான் லைப்ரரி. ஜன்னலைத் திறந்தால் சாரல் நோட்டை நனைக்கும். மூடினால் குரங்கு வந்து கண்ணாடியைத் தட்டும்.

அதற்கு முன்னால் தென்காசிப் பெண்களுக்குப் பெரும்பாலும் எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. மேலே படிக்கப் பாளையங்கோட்டைக்குப் போய் ஹாஸ்டலில் தங்க வேண்டும். எத்தனை வீட்டில் விடுவார்கள்?

என் பக்கத்து சீட் மைரம், நெசவுக்கார வீட்டுப் பெண். அவள் வாப்பா அழுத்திச் சொல்லியிருந்தார்: "குத்தாலம்னா போ. பொழுது அடையுமுன்ன வீட்டுக்கு வந்துரலாம். அதத் தாண்டி அனுப்ப மாட்டேன்."

எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான்.

ஆனால் காலேஜில் இருந்தது ஒரு வருஷப் படிப்பான பி.யூ.சி. மட்டும். டிகிரி வகுப்பு வேண்டுமானால் மெட்ராஸிலிருந்து யுனிவர்சிட்டி கமிஷன் வந்து பார்த்து அனுமதி தர வேண்டும். அவர்கள் வரும் நாள் தெரிந்ததிலிருந்து எங்களுக்குத் தூக்கமே இல்லை. லேப் பாட்டில்களைக் கழுவிக் கழுவி வைத்தோம். எங்கள் பிரின்சிபால் தானே ஏணியில் ஏறி ஒட்டடை அடித்தார்.

அந்த நாளும் வந்தது. கூடவே ஐப்பசி மழையும் வந்தது!

தென்காசியிலிருந்து எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பஸ், பாதி வழியில் தரைப்பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. பாலத்துக்கு மேல் செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

கண்டக்டர் அண்ணாச்சி இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். "ஏட்டி, முட்டளவு தண்ணி ஓடுது. வடிஞ்சாத்தான் போவ முடியும்."

பின்னாலேயே ஒரு அம்பாசடர் கார் வந்து நின்றது. உள்ளே கோட்டு போட்ட ஒரு பெரியவர், பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. கமிஷன்தான்! பெரியவர் தண்ணீரைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், டிரைவரிடம் ஏதோ சொன்னார். கார் திரும்ப ஆரம்பித்தது.

மைரம் குடையைக்கூட எடுக்கவில்லை. பஸ்ஸிலிருந்து குதித்து ஓடி, காருக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"சார், போயிராதீய!"

பெரியவர் கார்க் கண்ணாடியை இறக்கினார். "சாயங்காலம் ரயிலைப் பிடிக்கணும்மா. அடுத்த வருஷம் வந்து பாக்குறோம்."

"அடுத்த வருஷம் நாங்க இருக்க மாட்டோம் சார்."

அவர் பதறிவிட்டார். "ஏன், என்னாச்சு?"

"கெட்டிக் குடுத்துருவாங்க சார்!"

அந்தக் கண்ணாடி அம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "நீங்க வேணும்னா போங்க ப்ரொஃபசர். தண்ணி வடியட்டும், நான் இருந்து பாத்துட்டே வரேன்."

சொன்னவர் நேராக எங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பெரியவரும் கோட்டைப் பிழிந்துகொண்டே ஏறினார்!

பஸ் வகுப்பறை ஆனது. என்ன படித்தீர்கள், எப்படிப் படித்தீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி. மைரத்திடம் தவளையின் இதயத்தைப் பற்றிக் கேட்டார் அந்த அம்மா. ஆவி படிந்த பஸ் கண்ணாடியில் விரலாலேயே வரைந்து, ஒவ்வொரு பாகமாகப் பெயர் சொன்னாள். கண்டக்டர் அண்ணாச்சி வாயைப் பிளந்து பார்த்தார். "ஏ யப்பா! தவக்களைக்குள்ள இம்புட்டு இருக்கா?"

பெரியவர் சிரித்த சிரிப்பில்தான் எனக்கு உயிரே வந்தது.

மதியத்துக்கு மேல் தண்ணீர் வடிந்தது. அண்ணாச்சி கம்பை ஊன்றி முன்னால் நடக்க, பஸ் மெல்ல ஊர்ந்தது, பின்னால் கார். காலேஜ் வாசலில் பிரின்சிபால் நனைந்த சேலையோடு நின்றிருந்தார். இனி யாரும் வர மாட்டார்கள் என்றே நினைத்துவிட்டாராம். நாங்கள் கத்திக்கொண்டே இறங்கினோம். அவர் எங்களை அதட்டக்கூட மறந்துவிட்டார்.

சில வாரம் கழித்து, வராந்தாவில் ஓடினால் ஃபைன் போடுகிற அதே பிரின்சிபால், வராந்தா முழுக்க ஓடி வந்தார். "பி.எஸ்ஸி. கெடச்சாச்சு!"

மைரம் ஸுவாலஜி சேர்ந்தாள், நானும்தான். அவள் பிறகு ஹைஸ்கூல் டீச்சராகி, ரிட்டயர்டும் ஆகிவிட்டாள். இன்றும் அந்தக் காரை மறித்த கதையைக் கேட்டால், "எனக்கே பயந்தான்ட்டி" என்கிறாள்.

போன மாதம் இருவரும் காலேஜ் பக்கம் போயிருந்தோம். மாடி மாடியாகக் கட்டடங்கள். ஆலங்குளத்திலிருந்தும் வடகரையிலிருந்தும் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வந்து இறங்குகிறார்கள். அதில் ஒரு பெண், புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சாவகாசமாக ஒரு கொட்டாவி விட்டாள்.

மைரம் என் கையைப் பிடித்தாள். "பாத்தியாட்டி... காலேஜுக்கு வாரது இவளுக்கு எம்புட்டு சாதாரணமாப் போச்சு!"

சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. முகமோ சிரித்துக்கொண்டிருந்தது.